பிரஷர் ஏறிக் கண் மங்கினால் முதலில் எங்கே போவது?

இலங்கை மலையகத்தில் ஒருவருக்குத் திடீரென்று கண் மங்கினால் வீட்டில் நாலு யோசனை கிளம்பும். டவுனில் கண்ணாடிக் கடையில் காட்டலாம் என்பான் மகன். சனிக்கிழமை கண்டியிலிருந்து கண் டொக்டர் வருகிறார், சனல் பண்ணுவோம் (காசு கட்டி நம்பர் எடுத்துக் காட்டுவோம்) என்பாள் மருமகள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும் துண்டை வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போவதுதான் ஒழுங்கு என்பார் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன். கண் மங்கிய அம்மாவோ, "இன்னைக்குப் போனா பேர் போயிரும், ஞாயித்துக்கிழம பாப்போம்" என்று, நாள் சம்பளம் போய்விடும் பயத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) நடந்துவிடுவார்.

நாலுமே அர்த்தமுள்ள யோசனைதான். கண்ணில் வெண்புரை படர்ந்தால் கண் டொக்டர் சரி. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து என்றால் கண்ணாடிக் கடை போதும். ஆனால் பிரஷர் மேலே 180, கீழே 120 என்ற கணக்கைத் தாண்டி நிற்கும்போது பார்வையும் மங்கினால் கணக்கு மாறிவிடும். அப்போது போக வேண்டியது, படுக்க வைத்து, பார்த்துப் பார்த்துப் பிரஷரை இறக்கக்கூடிய மிகக் கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரி. கண்ணாடி, கண் டொக்டர், கண்டி, கொழும்பு எல்லாம் அதற்குப் பிறகு. ஏன் இந்த வரிசை என்பதையும், மற்ற வழிகள் எந்த நிலையில் சரிப்படும் என்பதையும்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

கண்ணுக்குள் நடப்பது

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. உடம்பை வெட்டாமல், ஒரு லைட்டும் லென்ஸும் மட்டும் வைத்து, உயிரோடு ஓடும் இரத்தக் குழாய்களை டொக்டர் தன் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடம் உடம்பில் இது ஒன்றுதான். அதனால்தான் பிரஷர்காரரின் கண்ணை வைத்தியர்கள் இவ்வளவு அக்கறையோடு பார்க்கிறார்கள். அங்கே குழாய்கள் கெட்டிருந்தால், சிறுநீரகத்திலும் மூளையிலும் உள்ள நுண்ணிய குழாய்களும் அதே பாட்டைப் படுகின்றன என்று யூகிக்கலாம்.

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் கீத், வேகனர், பார்க்கர் என்ற மூன்று வைத்தியர்கள் 1939இல் இதை நாலு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் நுண்தமனிகள் (இரத்தத்தைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்கள்) ஒடுங்குகின்றன. இரண்டாம் படியில் அவற்றின் சுவர் தடித்து, தாம் கடந்துபோகும் நாளங்களை (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை) நசுக்குகின்றன. இந்த இரண்டும் வருடக்கணக்காக இருந்த பிரஷரின் தடயம். பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. மூன்றாம் படியில்தான் விஷயம் முற்றுகிறது. அழுத்தம் தாங்காமல் குழாய்ச் சுவர் சிதைந்து, தீச்சுவாலை வடிவில் இரத்தம் கசிகிறது. இரத்தம் எட்டாத நரம்பிழைகள் வீங்கிப் பஞ்சுத் திட்டுகளாக வெளுக்கின்றன. கசிந்த கொழுப்பு மஞ்சளாகப் படிகிறது. கூர்ந்து பார்க்க உதவும் மையப் பகுதியைச் சுற்றி அது நட்சத்திரம் போல விரிவதும் உண்டு. நாலாம் படியில் பார்வை நரம்பின் முனையே வீங்கிவிடும். மேலே உள்ள தொட்டியிலிருந்து லயத்துக்கு இறங்கும் தண்ணிப் பைப் முதலில் மூட்டுகளில் கசிந்து, அப்புறம் வெடிக்கிற மாதிரிதான்.

பிரஷருக்கு உருப்படியான மருந்து இல்லாத அந்தக் காலத்தில், நாலாம் படியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடம் தாண்டவில்லை. சிறுநீரகம் செயலிழந்தும், இதயம் தளர்ந்தும், மூளையில் இரத்தம் கசிந்தும் போனார்கள். இன்றைக்கு மருந்து இருக்கிறது, அதுவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக. நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பாக்கி.

இதில் வலி இருக்காது என்பது பெரிய தொல்லை. கண் சிவக்காது, கண்ணீர் வடியாது, தூசி விழுந்த மாதிரி உறுத்தாது. புகை மூட்டமாக, அல்லது நடுவில் கறை படிந்த மாதிரித் தெரியும். தலையின் பின்பக்கம் கனக்கலாம். சில வேளை அதுவும் இருக்காது. வலி இல்லாததால் "பொறகு பாத்துக்கலாம்" என்று தோன்றுவது இயல்பு.

முதலில் இரண்டு சோதனை

எங்கே போவது என்று முடிவெடுக்க முன்னால் வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யலாம். ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணால் பார்ப்பது. பிறகு மாற்றி மூடுவது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் எப்போதோ மங்கிப்போயிருப்பதைத் தற்செயலாக மற்றக் கண்ணைக் கசக்கும்போது கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர். கலண்டரில் உள்ள எழுத்தை ஒவ்வொரு கண்ணாலும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், எதிர் மலையில் உள்ள கோயில் கோபுரத்தையோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரையையோ காட்டிக் கேளுங்கள். பிறகு, தடித்த அட்டையில் ஊசியால் ஒரு சின்னத் துளை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் தீரும் குறை. துளை வழியாகவும் மங்கல் மங்கலாகவே இருந்தால், கோளாறு கண்ணாடி எட்டாத இடத்தில் இருக்கிறது. இது ஒரு குறிப்புத்தான், தீர்ப்பு இல்லை. துளையில் தெளிவாகத் தெரிந்தாலும் பிரஷர் எகிறியிருந்தால் அலட்சியம் வேண்டாம்.

இரண்டாவது, பிரஷர் அளப்பது. மெஷின் வீட்டில் இல்லாவிட்டால் டிஸ்பென்சரியில், பாமசியில், அல்லது லயத்தில் யாராவது ஒருவர் வீட்டில் இப்போது இருக்கிறது. மேட்டு லயத்திலிருந்து இறங்கி, மறு மேடு ஏறி வந்த மூச்சோடு அளந்தால் யாருக்கும் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வையுங்கள். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டியைச் சுற்றக் கூடாது. நுவரெலியாக் குளிரில் இந்தத் தவறு தினமும் நடக்கும். மணிக்கட்டில் கட்டும் மெஷினை விட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவையும் அளந்து எழுதி வையுங்கள்.

இப்போது மூன்று நிலை வரும். பிரஷர் ஓரளவு சரி, கண் மட்டும் மாதக்கணக்காக மெல்ல மெல்ல மங்கியிருக்கிறது என்றால் அவசரமில்லை. கண் கிளினிக்கோ சனலோ வசதியைப் பாருங்கள். பிரஷர் 180/120க்கு மேல், ஆனால் பார்வை, தலை, நெஞ்சு, மூச்சு, கைகால் எல்லாம் வழமை போல இருக்கிறது என்றால் பதறத் தேவையில்லை. மருந்தை விட்டிருந்தால் பழைய அளவில் திரும்பத் தொடங்கி, அன்றைக்கோ மறுநாளோ டொக்டரைக் காண வேண்டும். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்குரியது: பிரஷர் அந்த அளவில், கண்ணும் மங்கல். கூடவே கடும் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், நெஞ்சு நோவு, மூச்சு முட்டல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு இதில் எது சேர்ந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நாலாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கண் மட்டும், வலியே இல்லாமல், திரை விழுந்த மாதிரி சட்டென இருண்டுபோனால் விழித்திரையின் தமனி அடைபட்டிருக்கலாம். அது கண்ணில் வந்த பக்கவாதம். பிரஷர் எத்தனை என்று பார்க்கத் தேவையில்லை, ஒரு சில மணித்தியாலம்தான் கையில் இருக்கிறது. நேரே அவசரப் பிரிவு.

இருக்கிற வழிகள்

வீட்டிலேயே இருந்து மாத்திரையைக் கூட்டிப் போடுவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். மறந்துபோன நாலு நாள் மருந்தைச் சேர்த்து விழுங்குவது, பக்கத்து வீட்டு ஐயாவின் மருந்தில் ஒன்று வாங்கிப் போடுவது. இது இரண்டு வழியிலும் தோற்கும். கிளினிக்கில் சாதாரணமாகத் தரும் அம்லோடிபின் இரத்தத்தில் உச்சத்துக்கு வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழு பலன் தெரிய ஒரு கிழமை. இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் இப்போதைய ஆபத்துக்கு அது உதவாது. வேகமாக இறக்கும் மருந்தோ அதை விட மோசம். நிஃபெடிபின் கெப்சூலை உடைத்து நாக்கடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தது. பிரஷர் கட்டுப்பாடில்லாமல் விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் கைவிட்டார்கள். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளையும் பார்வை நரம்பும் திடீரென அழுத்தம் விழுந்தால் இரத்தமில்லாமல் பட்டுப்போகும். மங்கலாகத் தெரிந்த கண் நிரந்தரமாக இருண்டுபோவதும் உண்டு. பூண்டு, முருங்கைக் கீரை, வெந்தயம் பற்றி எனக்கு ஒரு சண்டையும் இல்லை, சாப்பாட்டில் இருக்கட்டும். ஆனால் இருமலுக்குக் காய்ச்சும் கசாயத்தில் போடும் அதிமதுரம் பிரஷரை ஏற்றும் சரக்கு. மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோபினாக்கும் அப்படித்தான். இரண்டையும் நாளாந்தம் எடுப்பவர் என்றால் டொக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரி. இதைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள், நான் பேச மாட்டேன். பக்கத்தில் இருக்கிறது, பிரஷர் அளந்து எழுதித் தருவார்கள், நம் மொழியில் பேசலாம், ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்து வாகனத்துக்கும் ஏற்பாடு செய்வார்கள். பகலில் திறந்திருந்தால் முதல் நிறுத்தமாக அது நல்ல இடம். ஆனால் அங்கே படுக்க வைத்து, டிரிப் ஏற்றி, நிமிடத்துக்கு நிமிடம் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வசதியை எதிர்பார்க்கக் கூடாது. பிரஷர் 210, கண் மங்கல் என்று தெரிந்த பிறகும் ஒரு மாத்திரை கொடுத்து "நாளைக்கு வாங்க" என்றால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். துண்டு கேளுங்கள். துண்டு கிடைக்காவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் துண்டில்லாமல் பார்ப்பார்கள்.

கண்ணாடிக் கடைக்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் கண் பரிசோதனை இலவசம் என்ற போர்டைக் காணலாம். தோட்டத்துக்கே வந்து கேம்ப் போடுபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி தேவைப்படுகிறவருக்கு இது வீட்டு வாசலுக்கு வந்த வசதி, பயணச் செலவும் மிச்சம். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பரிசோதனை அளப்பது லென்ஸின் பவரை. கண்ணின் பின்சுவரில் இரத்தம் கசிந்திருந்தால் எந்தப் பவரிலும் எழுத்து தெளியாது. நல்ல கடைக்காரர் என்றால், "எத்தனை லென்ஸ் மாத்தினாலும் கடைசி வரி தெரியல்ல, ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் ஊர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. மாதத் தவணையில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள், தெரியவில்லை என்று போனபோது இன்னொன்று மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் அவருடைய பிரஷரை முதன்முதலாக அளந்தது, சின்ன மகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போன இடத்தில். கடையில் கண்ணைப் பார்த்த எவருக்கும் கையில் பட்டியைக் கட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பிரஷரோ சீனி வருத்தமோ (நீரிழிவோ) உள்ளவர் கண்ணாடிக்கு அளவு கொடுக்கப் போனால், அதைத் தன் வாயாலேயே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கண் டொக்டரைச் சனல் பண்ணுவது மேலோட்டமாகப் பார்த்தால் மிகச் சரியான வழியாகத் தோன்றும். கண்ணில் கோளாறு, கண் டொக்டரிடம் போகிறோம், வேறென்ன? அவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்து இன்ன படி என்று திட்டமாகச் சொல்லவும் கூடும். ஆனால் மலையக டவுன்களில் கண் விசேட வைத்தியர் கிழமையில் ஒரு நாள், இரண்டு நாள் வருவார். நம்பர் கிடைக்கச் செவ்வாய் போய் சனி வரும். அந்த நாலு நாளில் கண்ணைத் தவிர வேறெல்லாமும் கெட்டுப்போகலாம். சனிக்கிழமை அவரும் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன செய்வார் தெரியுமா? கடிதம் எழுதி, உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லுவார். இந்த நோய்க்குக் கண்ணில் விடும் மருந்து கிடையாது, பிரஷரை இறக்குவதுதான் மருந்து. ஆக, நாலு நாளும் ஃபீஸும் போன பிறகு, முதல் நாளே போயிருக்க வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம். பிரஷர் அடங்கிய பிறகு அதே டொக்டரிடம் அதே காசைக் கொடுத்துப் போனால் அது பிரயோசனமான செலவு.

இனி உண்மையான போட்டி: கிட்டிய ஆஸ்பத்திரியா, நேரே கண்டியா? "அங்க ஒண்ணும் இல்ல, கண்டிக்கே போயிருவோம்" என்ற பேச்சு நம் வீடுகளில் பழகிப்போனது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கண் பிரிவு, சீடி ஸ்கேன், சிறுநீரக விசேட வைத்தியர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கண்டி தேசிய வைத்தியசாலையில் இருக்கிறது. அதற்கும் மேலே கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை. (எல்லோரும் லிப்டன் சர்க்கஸ் என்று சொல்லும் சந்தியில் இருக்கிறது. தேயிலைத் துரை லிப்டன் வைத்திருந்த டம்பதென்னைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் கண் காட்டப் போனாலும் லிப்டன் விடமாட்டார்.) ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கிக் கண்டி போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மழைக்கு மண் சரிந்தால் அதுவும் இல்லை. வேனின் பின் சீட்டில் பிரஷர் 230 உள்ள ஒருவருக்கு வலிப்பு வந்தால் கூட இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

கிட்டிய ஆஸ்பத்திரியில் கண் விசேட வைத்தியர் இல்லாமல் இருக்கலாம். முதல் ஆறு மணித்தியாலத்துக்கு அவர் தேவையும் இல்லை. தேவை பிரஷரைப் பார்க்கும் டொக்டரும் நர்ஸும், ஊசி மருந்தும், ஈசிஜியும், சிறுநீர், இரத்தம் சோதிக்கும் வசதியும். ஹட்டன் பக்கத்தவருக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தார். நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள், ஊவாப் பக்கத்தவருக்குப் பதுளைப் பெரியாஸ்பத்திரி. மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற இடங்களில் பிரதேச வைத்தியசாலைதான் கிட்ட இருக்கும். அங்கே போனாலும் நட்டமில்லை: முதல் மருந்தைக் கொடுத்து, ஆஸ்பத்திரி அம்புலன்ஸிலேயே பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். நாமாக வேன் பிடித்துப் போவதற்கும், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதத்தோடு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பின்னதில் வழியிலும் ஆள் இருப்பார், போய் இறங்கும் இடத்திலும் காத்திருப்பார்கள்.

கண்டி டவுனுக்குள்ளேயோ பேராதனையிலோ இருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது, அவருக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியே பெரிய ஆஸ்பத்திரி.

எதில் போவது? 1990 என்ற நம்பருக்குக் கோல் எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கோல் எடுத்தால் பிரஷர் எண்ணையும், கண் மங்கலையும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மெயின் ரோட்டில் எந்தச் சந்தி என்பதையும் சொல்லுங்கள். லயத்து ரோட்டில் ஏற முடியாது என்றால் நோயாளியைத் தோட்டத்து வண்டியிலோ ஆட்டோவிலோ சந்திக்குக் கொண்டுவந்து ஏற்றிவிடலாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் போகாதீர்கள், வழியில் தலை சுற்றினால் விழுந்துவிடுவார். நோயாளியே ஓட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை மொழி. இரவு வேளையில் அவசரப் பிரிவில் தமிழ் பேசுபவர் இல்லாமல் இருக்கலாம். "ப்ரெஷர் வெடியி, எஸ் ஹரியட்ட பேன்னே நே" என்று சிங்களத்தில் ஒரு வரி சொல்லத் தெரிந்தால் போதும், பிரஷர் கூட, கண் சரியாகத் தெரியவில்லை என்ற செய்தி போய்விடும். அதோடு, இரண்டு தடவை அளந்து எழுதிய துண்டையும், கிளினிக் கொப்பியையும், போடுகிற மருந்து அட்டைகளையும் நீட்டுங்கள். "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் ஓபிடி (வெளிநோயாளர்) வரிசையில் நிற்க வைத்துவிடக்கூடும். பார்வை மங்கல் என்ற சொல்தான் உங்களை அந்த வரிசையிலிருந்து உள்ளே அழைத்துப் போகும்.

வார்டில் என்ன செய்வார்கள்

பலருக்கு ஏமாற்றமாக இருப்பது இதுதான்: சேர்த்து அரை நாள் ஆகியும் பிரஷர் இன்னும் 170இல் நிற்கிறதே, ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பார்கள். வேண்டுமென்றுதான் மெதுவாக இறக்குகிறார்கள். பொதுவான விதி, முதல் மணித்தியாலத்தில் சராசரி அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. அப்புறம் இரண்டிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் 160/100 பக்கம் கொண்டுவந்து, மிச்சத்தை ஒன்று, இரண்டு நாள் எடுத்து இறக்குவார்கள். 230/130இல் வந்தவரை ஒரு மணி நேரத்தில் 120/80க்குக் கொண்டுவந்தால் அது கெட்டித்தனம் இல்லை, ஆபத்து. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டினால் சீக்கிரம் இறங்கும் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இதற்கிடையில் சிறுநீரில் புரதமும் இரத்தமும் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எத்தனை, ஈசிஜி எப்படி என்று பார்ப்பார்கள். முப்பது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ இப்படிப் பிரஷர் எகிறினால் சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனி ஒடுங்குதல், அட்ரினல் சுரப்பிக் கட்டி போன்ற ஒளிந்திருக்கும் காரணங்களையும் தேடுவார்கள். அந்தத் தேடல் முடிய முன் "வீட்டில் வேலை இருக்கு" என்று தானாக டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். காரணம் தெரியாமல் வீட்டுக்கு வந்தால் அடுத்த தடவையும் இதே கதிதான்.

அப்புறம் கண்ணை எங்கே காட்டுவது?

பிரஷர் அடங்கிய பிறகுதான் கண் டொக்டரின் முறை. வார்டில் இருக்கும்போதே அந்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கோ, இல்லாவிட்டால் நுவரெலியா, பதுளை, கண்டி கண் கிளினிக்குக்கோ கடிதம் கேட்டு வாங்குங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால் திரும்ப ஒரு நாள் போகும்.

அரசாங்கக் கிளினிக்கா, சனலா என்பதில் நான் அரசாங்கக் கிளினிக் பக்கம். வரிசை நீளம், விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும், ஒரு நாள் பேர் போகும். எல்லாம் உண்மை. ஆனால் இது ஒரு தடவையோடு முடியும் விஷயம் இல்லை. கசிந்த இரத்தமும் பஞ்சுத் திட்டும் கரையக் கிழமைக்கணக்கில் எடுக்கும். மையத்தில் படிந்த மஞ்சள் கொழுப்பு போக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் வரைக்கும் இழுக்கும். ஒவ்வொரு தடவையும் சனலுக்குக் காசு கட்டத் தொடங்கி, மூன்றாம் தடவையோடு நிறுத்திவிடுபவர்களே அதிகம். கொப்பியில் பழைய பதிவு இருக்கும் ஒரே இடத்தில் தொடர்ந்து காட்டினால் முன்னேற்றமா, பின்னேற்றமா என்று டொக்டருக்கும் தெரியும். கையில் வசதி உள்ளவர் முதல் முறை மட்டும் சனல் பண்ணி விளக்கமாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

சில வேளை கண் டொக்டர் இன்னொரு செய்தி சொல்லுவார்: விழித்திரையின் நாளம் ஒன்று அடைத்திருக்கிறது, மையம் வீங்கியிருக்கிறது என்று. நீண்ட காலப் பிரஷர் கண்ணுக்குச் செய்யும் கெடுதிகளில் இது முக்கியமானது. இதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள், சிலருக்கு லேசரும் தேவைப்படும். கேட்கவே பயமாக இருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுகிறார்கள், சில நொடியில் முடிந்துவிடும். ஒரு ஊசியோடு தீராது, மாதா மாதம் சில தடவை போட வேண்டி வரலாம். இந்த வேலைக்குக் கண்டியோ கொழும்போ போவது அவசியம். இங்கேதான் தூரத்துப் பெரியாஸ்பத்திரி கிட்டிய ஆஸ்பத்திரியை வெல்கிறது.

கிளினிக் நாளில் கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு விடுவார்கள். முதலில் எரியும், இருபது நிமிடத்தில் கிட்ட உள்ள எழுத்து தெரியாமல் போகும், வெளிச்சம் கூசும். இருட்டறையில் டொக்டர் லைட்டை அடித்து "மேலே பாருங்க, கீழே பாருங்க" என்று சொல்லும்போது கண்ணீர் ஓடும், வலி இருக்காது. இந்தக் கூச்சம் தணிய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். ஆகவே துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், தொப்பியோ குடையோ கொண்டுபோங்கள். அன்றைக்குப் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று நினைத்து மருந்தையும் விடுபவர்கள் இருக்கிறார்கள், கண் பரிசோதனைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

கண்ணாடி மாற்றுவதென்றால் பிரஷர் அடங்கி, விழித்திரை வீக்கம் வற்றிவிட்டது என்று கண் டொக்டர் சொல்லும் வரை பொறுக்கலாம். அதற்கு முன் எடுக்கும் அளவு நிலைக்காது. சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் சீனி ஏறி இறங்கும் போதெல்லாம் லென்ஸின் அளவே மாறும், ஆகவே அதுவும் ஒரு நிலைக்கு வரட்டும்.

கர்ப்பிணி என்றால் ஒப்பீடே இல்லை

இவ்வளவு நேரம் சொன்ன எண்கள் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பொருந்தாது. ஐந்து மாதத்துக்குப் பிறகு 140/90 என்பதே அவருக்குக் கூடுதல். 160/110 என்றால் அவசரம். அந்த நிலையில் கண் மங்கல், கண்ணுக்கு முன்னால் மின்னல் பொறி, விடாத தலைவலி, மேல் வயிற்றில் நோவு இதில் எது இருந்தாலும் வலிப்பு வரப்போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். டிஸ்பென்சரி, சனல், கண்ணாடி எதுவும் பேச்சில் இல்லை. மிட்வைஃபுக்கு ஒரு கோல், 1990க்கு ஒரு கோல், பிரசவ வசதியுள்ள ஆஸ்பத்திரி. பிரஷருக்கு முன்பே லொசார்டன் போட்டு வந்தவர் என்றால், கர்ப்பம் தெரிந்த அன்றே டொக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும், அந்த மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமை வரை இந்த ஆபத்து தொடரக்கூடும். பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் கண் மங்குகிறது என்று ஒரு தாய் சொன்னால், பத்தியச் சாப்பாட்டால் வந்த பலவீனம் என்று பாட்டி சமாதானம் சொல்வதற்கு முன் பிரஷர் பட்டியைக் கையில் கட்டிப் பாருங்கள்.